காவல் நிலையத்தோடு பழக ஆரம்பிப்பது எப்படி? புதிதாக முயலும் தெருக்காரர்களுக்கு

போலீஸ் ஸ்டேஷன் வாசப்படியை மிதிக்காமலேயே வாழ்ந்து முடிப்பதுதான் கௌரவம் என்று சொல்லித்தான் நம்மில் பலரை வளர்த்திருக்கிறார்கள். நானும் அப்படி வளர்ந்தவன்தான். நாற்பத்து மூன்று வயதில்தான் முதல்முறையாக ஒரு ஸ்டேஷனுக்குள் காலை வைத்தேன். அதுவும் எனக்காக இல்லை, எதிர்வீட்டு அக்காவின் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போன மறுநாள் அவருக்குத் துணையாகப் போனேன். கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகக் கோடு இழுத்தது போல் காயம், அதன்மேல் மஞ்சள் தடவியிருந்தார். சம்பவ இடம் எங்கள் எல்லை இல்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால், இங்கே இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் ஒரு வழியாக மனுவை வாங்கிக்கொண்டார்கள். ரசீது தரவில்லை, ரசீது என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்து விவரம் தெரிந்துகொண்டு போய்க் கேட்டபோது அந்த மனுவே கண்ணில் படவில்லை.

அந்த மூன்று நாளும் என் மனசில் ஓடியது ஒன்றுதான். இத்தனை வருடம் இந்தப் பகுதியில் இருக்கிறோம், அந்தக் கட்டடத்துக்குள் இருக்கும் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது, அவர்களுக்கும் நம் தெருவில் ஒரு ஆளைத் தெரியாது. பிரச்சினை வந்த அன்றைக்குத்தான் இரண்டு பக்கமும் முதல்முறை முகம் பார்க்கிறோம் என்றால், நம் பக்கம் பயமும் அவர்கள் பக்கம் எரிச்சலுமாகத்தானே இருக்கும்.

அதற்குப் பிறகு, சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கும் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் இந்த வேலையை நான் எடுத்துக்கொண்டேன், ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது வேறு பகுதிச் சங்கங்களில் புதிதாகப் பொறுப்புக்கு வருபவர்கள் எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சங்கம் இல்லாத தெருவாக இருந்தாலும் சரி, நாலு பேர் சேர்ந்தால் போதும், செய்யலாம்.

முதலில் எல்லையும் ஆட்களும்

உங்கள் தெரு எந்தக் காவல் நிலைய எல்லையில் வருகிறது என்பதை ஊகிக்காதீர்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புறநகர்க்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2022 ஜனவரியில் சென்னையிலிருந்து ஆவடி, தாம்பரம் என்று இரண்டு புதிய மாநகரக் காவல் ஆணையரகங்கள் பிரிந்தன, சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு ஆணையரகம், அந்தப் பக்கம் இன்னொன்று என்று இருக்கும் தெருக்கள் நிறைய உண்டு. போக்குவரத்துக் காவல் தனி, அனைத்து மகளிர் காவல் நிலையம் தனி. இந்த மகளிர் நிலையங்கள் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் ஆரம்பித்து இன்று மாநிலம் முழுக்க இருக்கின்றன, உங்கள் பகுதிக்கு எது என்று வீட்டில் இருக்கும் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் ஆட்கள். வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பாரா. உள்ளே மேசையில் எழுதிக்கொண்டே இருப்பவர் ரைட்டர். ஸ்டேஷனின் காகிதம் முழுக்க அவர் கையில்தான், அவரோடு பழகாமல் எந்த வேலையும் நகராது. இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலைக் காவலர், ஏட்டு என்று எல்லோரும் சொல்லும் தலைமைக் காவலர், சிறப்பு எஸ்.ஐ., எஸ்.ஐ., இன்ஸ்பெக்டர் என்று வரிசை போகும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு, நேரே இன்ஸ்பெக்டரைப் பிடித்துவிட்டால் போதும் என்று நினைப்பது. இன்ஸ்பெக்டர் இரண்டு வருடத்தில் மாறிவிடுவார், தேர்தல் வந்தால் அதற்கு முன்பே மாறலாம். உங்கள் தெருவில் ராத்திரி இரண்டு மணிக்கு வண்டியில் வருகிறவர் யார்? அவர் பெயர் தெரியுமா? அவர்தான் உங்களுக்கு வேண்டியவர்.

முதல்முறை போகும்போது

வேலை எதுவும் இல்லாத நாளில் போங்கள். புகார் கொடுக்கப் போகும் அன்றைக்கே அறிமுகமும் செய்துகொள்ளலாம் என்று வைத்துக்கொண்டால் இரண்டும் கெட்டுப்போகும். திருவிழா, தலைவர்கள் வருகை, பண்டிகை வாரம் என்று பந்தோபஸ்து இருக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அன்று ஸ்டேஷனில் பாதி ஆள்கூட இருக்க மாட்டார்கள். முன்கூட்டியே ரைட்டரிடம் போன் செய்து நேரம் கேளுங்கள். மூன்று பேருக்கு மேல் வேண்டாம், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், ஒருவராவது வாடகை வீட்டுக்காரராக இருக்கட்டும்.

சால்வை வேண்டாம், பழக்கூடை வேண்டாம். ஒரே ஒரு தாள் போதும். அதில் உங்கள் பகுதியின் கையால் வரைந்த வரைபடம், விளக்கு எரியாத இடங்கள், பள்ளிக்கூடம், டாஸ்மாக், வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகள், தொடர்புக்கு இரண்டு பேர் பெயரும் எண்ணும். தனியாக இருக்கும் முதியவர்களின் விவரத்தை அவர்களிடம் கேட்டுச் சம்மதம் வாங்கிய பிறகு மட்டும் கொடுங்கள். நாங்கள் முதல்முறை கொடுத்த தாளை எஸ்.ஐ. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, நீங்கள் புள்ளி வைத்திருக்கும் இந்த இருட்டு சந்தில்தான் போன வருடம் இரண்டு வழிப்பறி நடந்தது என்று தானாகவே பேச ஆரம்பித்தார். அந்த ஒரு தாள்தான் எங்களைப் புகார் சொல்ல வந்தவர்களாக இல்லாமல், ஒரு வேலையில் கூட இருப்பவர்களாக அவருக்குக் காட்டியது.

அவர்கள் பக்கத்துக் கஷ்டத்தையும் தெரிந்துகொண்டு போங்கள். தமிழ்நாட்டில் காவலர்களுக்கும் தலைமைக் காவலர்களுக்கும் வார விடுமுறை உத்தரவே 2021-ல்தான் வந்தது. அதற்கு முன்பு பல வருடம் விடுப்பு என்பது கேட்டு, கெஞ்சி வாங்கும் விஷயமாக இருந்தது. இரவு ரோந்து முடித்து, காலையில் நீதிமன்றத்துக்குக் கைதியை அழைத்துக்கொண்டு போய், மதியம் பந்தோபஸ்துக்கு நின்ற ஒருவரிடம் நீங்கள் சாயங்காலம் பேசுகிறீர்கள் என்பது நினைவில் இருந்தால் உங்கள் குரலே வேறு மாதிரி வரும். அதற்காக அவர் உங்களை ஒருமையில் பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. "சார், வாங்க போங்கன்னே பேசலாமே" என்று நேராகப் பார்த்துச் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் மாற்றிக்கொள்வார்கள்.

பட்டா புத்தகம்

இது சின்ன விஷயம், ஆனால் நான் பார்த்த வரையில் இதைவிட நன்றாக வேலை செய்யும் வழி எதுவும் இல்லை. ரோந்து வரும் காவலர் தான் வந்து போனதற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போடும் நோட்டுக்குத்தான் பட்டா புத்தகம் என்று பெயர். ஏ.டி.எம்., கோயில், வங்கி, சில வீட்டு வாசல்களில் தொங்கும். இப்போது பல இடங்களில் செல்போன் செயலிக்கு மாறிவிட்டார்கள், உங்கள் ஸ்டேஷனில் என்ன முறை என்று கேளுங்கள். நோட்டு இருந்தால், உங்கள் தெருவின் கடைசி வீட்டில், இருட்டான மூலையில் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். தெருமுனையில் வைத்தால் முனையிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி திரும்பிவிடும், கடைசியில் வைத்தால் முழுத் தெருவும் ஒரு முறை பார்வையில் படும்.

எங்கள் நோட்டு கடைசி வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் கேட்டில் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் தொங்குகிறது. அவருக்குத் தூக்கம் வராது, இரண்டரை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டால் திண்ணைக்கு வந்து நாலு வார்த்தை பேசுவார், பிளாஸ்கில் இருந்து ஒரு டம்ளர் டீ கொடுப்பார். ஒரு வருடத்தில் அந்தக் காவலருக்கு எந்த வீட்டில் யார், எந்த நாய் கடிக்கும், எந்த வண்டி யாருடையது என்பதெல்லாம் அத்துப்படி. ஒரு நாள் ராத்திரி தெருவில் புதிதாக நின்ற ஒரு வேனைப் பார்த்துவிட்டு அவரே கதவைத் தட்டிக் கேட்டார்.

கேரளத்தில் 2008-ல் ஜனமைத்ரி என்று இதையே அரசுத் திட்டமாகச் செய்தார்கள். பீட் அதிகாரி, அதாவது ஒரு பகுதியின் ரோந்துக்குப் பொறுப்பான காவலர், தன் பகுதியில் வீடு வீடாகப் போய் முகம் தெரிந்தவராக வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. நமக்கு அந்த அளவு ஆளும் ஏற்பாடும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, ஒரு நோட்டும் ஒரு திண்ணையும் போதும்.

வெளியூர் போகும்போது பூட்டிய வீட்டு விவரத்தை ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கத்தையும் இதோடு ஆரம்பியுங்கள். கொடுத்த விவரத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

கூட்டம் போடுவது

இரண்டு மூன்று மாதம் பழகிய பிறகு ஒரு கூட்டத்துக்குக் காவலர்களை அழைக்கலாம். இங்கேதான் நாங்கள் பெரிய பாடம் கற்றோம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் கூட்டத்தை எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஹாலில் வைத்தோம். முப்பது பேர் வந்தார்கள், எல்லோரும் சொந்த வீட்டுக்காரர்கள். பார்க்கிங், ஹாரன், பார்க்கில் உட்காரும் பையன்கள், இவ்வளவுதான் பேச்சு. இன்ஸ்பெக்டர் எல்லாவற்றுக்கும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சந்தோஷமாகக் கலைந்தோம்.

இரண்டாவது கூட்டத்தை, சங்கத்தில் இருந்த ஒரு அம்மா பிடிவாதமாகச் சொன்னதால், ரேஷன் கடைக்குப் பக்கத்து அங்கன்வாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வைத்தோம். பின்பக்கம் இருக்கும் குடிசை மாற்று வாரிய வீடுகளில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், இட்லிக் கடை அம்மா, தூய்மைப் பணியாளர்கள் எல்லோரும் வந்தார்கள். அரை மணி நேரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. பிறகு பின்னால் நின்றிருந்த பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன் கேட்டான்: "சார், எங்க தெருவுக்குத் திரும்புற இடத்துல மட்டும் ஏன் எப்பவும் வண்டியை நிறுத்துறீங்க? அந்தப் பக்கம் போறவங்களை நிறுத்துறதே இல்லையே?"

ஏட்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தம்பி, நாங்களா வர்றது கம்மி. போன் வருது, வர்றோம். பார்க்குல நாலு பசங்க நிக்கிறாங்க, பார்த்தா சரியில்லன்னு போன் வரும். எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு நான் சொல்லணுமா?"

அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. அந்தப் போன்களில் இரண்டு நான் செய்தவை.

போலீசுக்கும் மக்களுக்கும் நடுவில் இருக்கும் பகை என்று நாம் சொல்வதில் பாதி, மக்களுக்கு நடுவிலேயே இருப்பதுதான் என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. நாம் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டுவிட்டு, அந்தச் சந்தேகத்தைச் சுமக்கும் வேலையை ஒரு காவலரிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் போய் நிற்கிறார், பையனுக்கு அவர்மேல் வெறுப்பு வருகிறது, போன் செய்தவர் வீட்டுக்குள் நிம்மதியாக இருக்கிறார்.

அதனால் எங்கள் சங்கத்தில் ஒரு விதி வைத்திருக்கிறோம், நீங்களும் முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். 100-க்கோ 112-க்கோ கூப்பிடும்போது நடந்ததை மட்டும் சொல்ல வேண்டும். "கேட்டைத் தாண்டிக் குதித்தார்", "பெண்ணைப் பின்தொடர்ந்து போகிறார்", "பாட்டிலை உடைத்தார்", இதெல்லாம் தகவல். "ஆளைப் பார்த்தால் சரியில்லை", "நம்ம ஏரியாக்காரர் இல்லை" என்பதெல்லாம் தகவல் இல்லை. இதைச் சொன்னபோது சங்கத்தில் சிலர் கோபித்துக்கொண்டார்கள், இரண்டு பேர் விலகியும் போனார்கள். இருந்தாலும் விதியை மாற்றவில்லை.

கூட்டத்துக்கு இன்னும் சில குறிப்புகள்: நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள், மேடை வேண்டாம், ஒரு மணி நேரத்துக்கு மேல் நீட்டாதீர்கள். போன கூட்டத்தில் சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று முதல் பத்து நிமிடம் வாசியுங்கள். நம் பக்கம் செய்கிறேன் என்று சொன்னதையும் சேர்த்து வாசியுங்கள். கட்டட வேலைக்கு வந்த வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால், இந்தி தெரிந்த ஒருவரை வைத்துக்கொண்டு அவர்களையும் அழையுங்கள்.

மனு கொடுப்பது

பழக்கம் எவ்வளவு இருந்தாலும் காகிதம் காகிதமாக இருக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தது எதுவும் அடுத்த வாரம் இருக்காது. மனுவில் தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், உங்களுக்கு என்ன வேண்டும், இவ்வளவும் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். இரண்டு நகல் எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்தவுடன், மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள், அதில் எண் இருக்கும், அந்த எண்தான் பிறகு எல்லாவற்றுக்கும் ஆதாரம்.

போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்பது இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் எதிர்வீட்டு அக்காவை இன்று யாரும் பாலத்துக்கு அந்தப் பக்கம் அனுப்ப முடியாது. மின்னணு முறையில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்க அவர்களுக்கு இடம் இருக்கிறது, அதையும் தெரிந்துவைத்திருந்தால் தேவையில்லாத சண்டை வராது. பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் எழுதலாம், மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு. அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். வழக்கு பதிந்தபின் 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டியதும் அவர்கள் கடமை.

இந்தச் சட்டப் பிரிவுகளை எடுத்தவுடன் சொல்லி மிரட்டாதீர்கள். நான் செய்து பார்த்திருக்கிறேன், எதிரில் இருப்பவர் முகம் இறுகிவிடும். "சார், சி.எஸ்.ஆர். போட்டுக் கொடுத்துடுங்க, நான் வெயிட் பண்றேன்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிடுவது நூறு மடங்கு பலன் தரும். அப்படியும் நடக்காதபோதுதான் பிரிவை எடுக்க வேண்டும்.

விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லும்போது யார் வரத் தேவையில்லை என்பதையும் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சாட்சியாக விசாரிப்பதற்குப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் உள்ள பையன்களையும், 60 வயது தாண்டிய ஆண்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடுமையாக உடம்பு சரியில்லாதவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை பாட்டிகள் ஸ்டேஷன் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. பணம் கொடுக்கல் வாங்கல், வாடகைத் தகராறு, பாகப்பிரிவினை என்று உரிமையியல் விஷயங்களை "கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்று ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகாதீர்கள். அது கட்டப்பஞ்சாயத்து. இன்று உங்களுக்காக ஒருவரை மிரட்டும் பழக்கத்தை நீங்களே உண்டாக்கினால், நாளைக்கு இன்னொருவருக்காக உங்களை மிரட்டும்போது கேட்க உங்களுக்கு வாய் இருக்காது.

நண்பர்கள், ஆனால் போலீஸ் இல்லை

1993-ல் ராமநாதபுரம் மாவட்ட எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் ஆரம்பித்ததுதான் பிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ். சாதாரண மக்கள் ஸ்டேஷனோடு பயமில்லாமல் பழக வேண்டும், தகவல் சொல்ல வேண்டும், ஸ்டேஷன் நடப்பு வெளியே தெரிய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் வந்தது, தமிழ்நாடு முழுக்கப் பரவியது. ஆனால் போகப் போகப் பல இடங்களில் அந்த பேட்ஜ் போட்ட இளைஞர்கள் வண்டியை மறிப்பதும், லத்தியோடு நிற்பதுமாக ஆனதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்சும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, தன்னார்வலர்கள் மேலும் குற்றச்சாட்டு எழுந்தது. அமைப்பை நடத்தியவர்கள் அதை மறுத்தார்கள். அடுத்த மாதமே அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது.

நீங்கள் ஆரம்பிக்கும்போதே இதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: சங்கத்துக்காரர்கள் யாரும் வாகனச் சோதனையில் நிற்கக் கூடாது, யாரையும் பிடித்து வைத்து விசாரிக்கக் கூடாது, அடையாள அட்டை கேட்கக் கூடாது. நண்பர்களாக இருப்பதன் பயனே, வெளியில் நின்று பார்க்கவும் கேட்கவும் முடிவதுதான். உள்ளே போய்விட்டால் அந்தக் கண் போய்விடும்.

பணமும் அப்படித்தான். பேப்பர் கட்டு, பிரிண்டர் மை, வண்டிக்கு டீசல், விழாவுக்கு டிபன் என்று சில இடங்களில் கேட்பார்கள், எங்களிடமும் கேட்டிருக்கிறார்கள். ஸ்டேஷன்களுக்கு உண்மையிலேயே தட்டுப்பாடு இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தத் தட்டுப்பாட்டைச் சரிசெய்யச் சொல்லி மேலதிகாரிக்குச் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக் கொடுங்கள். நாங்கள் அப்படி எழுதியதை ரைட்டர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். ராத்திரி ஆசிரியர் கொடுக்கும் ஒரு டம்ளர் டீ இந்தக் கணக்கில் வராது.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைத்தால் நேரம் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். எங்கள் கேமராவில் நாற்பது நிமிடம் தள்ளிக் காட்டியதால் ஒரு வழக்கில் பதிவு இருந்தும் குழப்பமாகிவிட்டது. லென்ஸ் தெருவைப் பார்க்கட்டும், அடுத்தவர் ஜன்னலைப் பார்க்க வேண்டாம். பதிவை எழுத்துமூலம் கேட்டால் மட்டும் போலீசுக்குக் கொடுங்கள், வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

வதந்தி வரும்போது

உறவு உண்மையில் இருக்கிறதா என்று தெரியும் நேரம் இதுதான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைக் குழந்தை கடத்தும் கும்பல் என்று வாட்ஸ்அப்பை நம்பிய கூட்டம் அடித்ததில் வயதான ஒரு அம்மா இறந்துபோனார். 2023-ல் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, தொழிலாளர்கள் பயந்து ஊருக்குக் கிளம்ப ஆரம்பித்தார்கள். அப்போது காவல்துறையினர் அவர்கள் தங்கியிருந்த இடங்களுக்கே போய் இந்தியில் பேசினார்கள், உதவி எண்கள் கொடுத்தார்கள்.

உங்கள் குழுவில் இப்படி ஒன்று வந்தால், அனுப்பியவரிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்காமல், நீங்கள் முகம் தெரிந்துவைத்திருக்கும் எஸ்.ஐ.க்கோ ஏட்டுக்கோ போன் செய்து கேட்டு, அவர் சொன்ன பதிலை அதே குழுவில் போடுங்கள். இரண்டே வரி போதும். எங்கள் தெருவில் ஒரு முறை போர்வை விற்க வந்த இரண்டு பேரைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். ஏட்டு பத்து நிமிடத்தில் வந்தார், அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தார், கூட்டம் தானாகக் கலைந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குள் அவர் வந்ததற்குக் காரணம், கூப்பிட்ட அம்மாவின் குரலை அவருக்குத் தெரியும் என்பதுதான்.

தப்பு அவர்கள் பக்கம் இருந்தால்

பழக்கம் இருக்கிறது என்பதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தால், நீங்கள் செய்தது எல்லாம் வீண். அடித்தார்கள், பணம் கேட்டார்கள், பையனைக் காரணம் சொல்லாமல் கூட்டிப்போனார்கள் என்று யார் வந்து சொன்னாலும், அவர் சங்க உறுப்பினரா இல்லையா என்று பார்க்காமல், அன்றே இரண்டு பேர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கைது என்றால் குடும்பத்துக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். கைதானவர்களின் விவரத்தை ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும்படி வைக்க வேண்டும், அதற்குப் பொறுப்பாக ஒரு அதிகாரி இருக்க வேண்டும். ஸ்டேஷனுக்குள் எல்லா இடத்திலும் கேமரா இருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, அது ஓடுகிறதா என்று கூட்டத்திலேயே கேளுங்கள். எங்கள் தெருக் கேமராவைப் பற்றி அவர்கள் கேட்கும்போது, அவர்கள் கேமராவைப் பற்றி நாம் கேட்பதில் தப்பே இல்லை.

இங்கே தீரவில்லை என்றால் எஸ்.பி. அலுவலகத்திலும் ஆணையர் அலுவலகத்திலும் வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் புதன்கிழமை, மனு வாங்குகிறார்கள். முதல்வரின் முகவரி துறைக்கு 1100 எண்ணில் சொல்லலாம். மனித உரிமை ஆணையம் இருக்கிறது. எதற்குப் போனாலும் தனி ஆளாகப் போகாதீர்கள்.

சாத்தான்குளத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுப்பிய மாஜிஸ்திரேட்டிடம், அன்று இரவு ஸ்டேஷனில் தான் பார்த்ததைச் சொன்னவர் அதே ஸ்டேஷனில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலர். அவரைப் போன்றவர்கள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இருக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். வெளியே நமக்குத் துணையாகப் பேச ஆள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அவர்களுக்கும் தைரியம் வரும்.

ஃபைல்

கடைசி வேலை இது. ஒரு சாதாரண ஃபைல் வாங்குங்கள். முதல் பக்கம் வரைபடம், இரண்டாம் பக்கம் போன் எண்கள், மூன்றாம் பக்கம் நிலுவையில் இருக்கும் மனுக்கள், அதற்குப் பின்னால் கூட்டக் குறிப்புகள். இன்ஸ்பெக்டர் மாறும்போது பழையவரிடம் சொல்லிவிட்டு, புதியவர் வந்த முதல் இரண்டு வாரத்துக்குள் இந்த ஃபைலோடு போய்ப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு ஆட்கள் போங்கள், ஒரே ஆள் போய்க்கொண்டிருந்தால் ஸ்டேஷனுக்கும் அந்த ஆளுக்கும் மட்டும்தான் உறவு இருக்கும்.

போன மாதம் எங்களுக்குப் புது இன்ஸ்பெக்டர் வந்தார், ஒரு அம்மா. எதிர்வீட்டு அக்காவும், இட்லிக் கடை அம்மாவும், அங்கன்வாடிக் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தப் பையனும் போனார்கள். பையனுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிறது. மூன்றாம் பக்கத்தை அவர்தான் வாசித்தாராம். அதில் முதல் வரியில் அக்காவின் சங்கிலி, தேதி, இடம் எல்லாம் இருக்கிறது, சி.எஸ்.ஆர். எண்ணுக்கான கட்டம் மட்டும் காலி. இன்ஸ்பெக்டர் அம்மா பேனாவை அந்தக் கட்டத்தில் வைத்து, "இது ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அக்கா பாலத்தில் இருந்து ஆரம்பித்து முழுக்கச் சொல்லியிருக்கிறார்.